வேகமாக ஓடும் 'த லாட்ஜர்': எந்தப் பிரதியைப் பார்ப்பது?

கேள்வி: ஹிட்ச்காக்கின் மௌனப்படமான 'த லாட்ஜர்' எனக்கு இரண்டு பிரதிகளாகக் கிடைத்தது. ஒன்று 75 நிமிடம், கறுப்பு வெள்ளை. ஆட்கள் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிகிறார்கள். மற்றொன்று 90 நிமிடம். ஆனால் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் ஏறியிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

பதில்: 90 நிமிடப் பிரதியையே பாருங்கள். நீங்கள் கோளாறு என்று எண்ணிய சாயம், 1927இல் ரசிகர்கள் பார்த்த தோற்றத்தைச் சேர்ந்தது.

நொடிக்கு 24 சட்டகம் (படச்சுருளில் உள்ள தனித்தனிப் படம்) என்ற கணக்கு பேசும்படத்தோடுதான் நிலைபெற்றது. மௌனப்பட நாட்களில் பெரும்பாலும் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். வேகம் படத்துக்குப் படம் மாறும். நொடிக்கு 20 சட்டகமாக 90 நிமிடம் ஓடவேண்டிய படத்தை 24இல் ஓட்டினால் 75 நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் முதல் பிரதிக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான்.

வேறு படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் படத்தில் முடியாது. செவ்வாய்க்கிழமை தோறும் பொன்னிறக் கூந்தல் பெண்கள் கொலையாகும் லண்டன். மாடி அறைக்குக் குடிவந்த இளைஞன்மீது வீட்டாருக்குச் சந்தேகம். மேலே அவன் உலாத்தும் காலடி ஓசையை மௌனப்படத்தில் எப்படிக் கேட்க வைப்பது? தடித்த கண்ணாடியால் தளம் அமைத்து, அதன்மேல் அந்த இளைஞனாக நடித்த நடிகர் ஐவர் நோவெல்லோவை நடக்கவிட்டு, கீழிருந்து படமெடுத்தார் ஹிட்ச்காக். கூரையில் தொங்கும் விளக்கு மெல்ல ஆடுகிறது. அதற்கு மேலே அந்தப் பாதங்கள், போவதும் வருவதுமாக. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும் இடம் அது. அந்த நடையின் நிதானத்தில்தான் சந்தேகம் வளர்கிறது. வேகம் கூட்டினால் அச்சம் போய் அவசரம்தான் மிஞ்சும்.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. நீலம் என்றால் மூடுபனி கவிந்த இரவுத் தெரு. மஞ்சள் என்றால் விளக்கெரியும் அறை. படச்சுருளையே சாயத்தில் தோய்த்து இதைச் செய்தார்கள். பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2012இல் படத்தை மீட்டெடுத்தபோது நிறங்களையும் திரும்பக் கொண்டுவந்தது. அந்தப் பிரதிக்கு இசை நிதின் சாஹ்னி. இடையில் வரும் பாடல்கள் எனக்கு ஒட்டவில்லை. கண்ணாடித் தளக் காட்சியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள்.

75 நிமிடப் பிரதி மட்டுமே கையில் உள்ள நண்பர்களுக்கும் வழி இருக்கிறது. கணினியில் படம் ஓட்டும் செயலியில் வேகத்தை 0.83 என்று வையுங்கள். இசை இழுபடும், ஆகவே ஒலியை அடக்கிவிடுங்கள். நடை சரியாகிவிடும்.