கேள்வி பதில்: மேலயும் கீழயும் எக்ஸ் இருந்தா எப்படி டெரிவேட்டிவ் எடுக்கிறது?

கேள்வி: சார், ப்ளஸ் ஒன் படிக்கிறேன். (2எக்ஸ் + 3) / (எக்ஸ் + 1) இதுக்கு டெரிவேட்டிவ் கேட்டாங்க. மேல 2, கீழ 1, அதனால விடை 2ன்னு எழுதிட்டேன், மார்க்கே இல்ல. ஏன் அப்படி எழுதக்கூடாது? கோஷன்ட் ரூல்ல (வகுத்தலுக்கான ரூல்) எது முன்னாடி எது பின்னாடின்னும் மறந்துபோகுது.
– ஒரு மாணவன், கும்பகோணம்

பதில்: தம்பி, கால்குலஸை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான லைப்னிட்ஸே 1675 நவம்பர்ல பெருக்கலுக்கு இப்படி தனித்தனியா எடுத்துப் பெருக்கினா சரியா வருமான்னு யோசிச்சுப் பார்த்து, வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டவர்தான், 1684ல அவரோட கட்டுரை அச்சுல வந்தப்போ சரியான ரூல் இருந்துச்சு. உன் வழி தப்புன்னு பார்க்க எக்ஸ் ஸ்கொயர் / எக்ஸ் போதும். அது வெறும் எக்ஸ்தான், டெரிவேட்டிவ் 1. உன் வழியில போனா 2எக்ஸ் வருது.

ரூலை மனப்பாடம் பண்ணாம வரவைக்கலாம். விடை க்யூ, மேல யூ, கீழ வி, அப்போ யூ = க்யூ × வி. இதுக்கு ப்ராடக்ட் ரூல் (பெருக்கலுக்கான ரூல்) போட்டா, டாஷ்னா டெரிவேட்டிவ், யூ டாஷ் = க்யூ டாஷ் × வி + க்யூ × வி டாஷ், இதுல க்யூ டாஷை மட்டும் தனியா எடுத்து, க்யூவுக்குப் பதிலா யூ / வி போட்டா முடிஞ்சுது, எல்லாரும் சொல்ற "வி யூ டாஷ் மைனஸ் யூ வி டாஷ் பை வி ஸ்கொயர்" தானா வந்து நிக்கும். மைனஸ் எதுக்கு வரும்னு சந்தேகம் வந்தா, பங்கு போட ஆள் கூடினா பங்கு குறையும்ல, அதனால கீழ உள்ளதோட டாஷ் இருக்கிற பக்கம்தான் மைனஸ்.

உன் கணக்குல (எக்ஸ் + 1) × 2 − (2எக்ஸ் + 3) × 1 = −1. விடை −1 / (எக்ஸ் + 1) ஸ்கொயர்.

ஆனா என்னைக் கேட்டா இதுக்கு அந்த ரூலே வேணாம். 2எக்ஸ் + 3 ங்கிறது 2(எக்ஸ் + 1) + 1 தானே, அப்போ மொத்தமும் 2 + 1/(எக்ஸ் + 1), 2 போயிடும், மிச்சத்துக்கு அதே −1 / (எக்ஸ் + 1) ஸ்கொயர். அதே மாதிரி (எக்ஸ் ஸ்கொயர் + 3எக்ஸ் + 5) / எக்ஸ் வந்தா பிரிச்சு எக்ஸ் + 3 + 5/எக்ஸ்னு எழுதிட்டா 1 − 5 / எக்ஸ் ஸ்கொயர், ரெண்டே வரி. கீழ ஒரே டெர்ம் இருந்தும் கோஷன்ட் ரூல் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு கையெல்லாம் பரபரங்குது!

கேள்வி: கீழ வர்ற ஸ்கொயரை விரிச்சு எழுதணுமா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: வேணாம்மா. விரிக்காம விட்டாதான் அது எப்பவும் பாசிட்டிவ்னு பார்த்ததும் தெரியும், ஃபங்ஷன் ஏறுதா இறங்குதான்னு சொல்ல மேல உள்ள குறியை மட்டும் பார்த்தா போதும். மேல் வரியை மட்டும் சுருக்கிடுங்க.