46-ஆ, 49-ஆ? ரெயின்கோட் போட்டு மலையேறி ஓடும் மகளின் அம்மாவுக்கு

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 16 வயது, மல்யுத்தத்தில் மாநில அளவு வரை போய்விட்டாள், 17 வயதுக்குட்பட்டோருக்கான ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்காக இறங்க வேண்டும் என்பது ஆசை. எடை 48 கிலோ 200 கிராம். கோச் 46 கிலோ பிரிவுக்கு இறங்கச் சொல்லிவிட்டாராம். அதனால் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஓடுகிறாள், தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுகிறாள், "இது சரிதானா?" என்று கேட்கிறார்.

சரியில்லைங்க. பாப்பா அடுத்த பிரிவான 49 கிலோவிலேயே விளையாடட்டும்.

கோச்சைக் குறை சொல்லவில்லை, அவர் காலத்துக் கணக்கு அப்படி. அப்போது போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமே எடை பார்த்துவிடுவார்கள். தட்டில் ஏறி இறங்கியதும் ராத்திரி முழுக்கச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுநாள் இரண்டு கிலோ கூடுதலாக மல்யுத்த மெத்தையில் நிற்கலாம். 2018-இல் சர்வதேச விதி மாறியது. இப்போது போட்டி நாள் காலையில்தான் எடை. ஒரு எடைப்பிரிவு இரண்டு நாள் நடக்கும். பைனலுக்கோ, தோற்றவர்களுக்கு இரண்டாம் வாய்ப்புத் தரும் ரெப்பசாஜ் சுற்றுக்கோ போனால் இரண்டாம் நாள் காலையிலும் தட்டில் ஏற வேண்டும். சிங்லெட், அதாவது உடம்போடு ஒட்டிய மல்யுத்த உடை, போட்டபடிதான் ஏறணும், துணிக்கென்று கழிவு கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத்துக்கு நடந்தது இதுதான். 50 கிலோ பிரிவில் மூன்று பேரை ஒரே நாளில் சாய்த்துவிட்டு, மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்று வெளியே போனார். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தியும், முடியை வெட்டியும்கூட அந்த 100 கிராம் இறங்கவில்லை.

உலகத் தரத்தில், டாக்டரும் கூடவே இருந்தவருக்கே இந்தக் கதி. ரெயின்கோட்டில் போவது கொழுப்பு இல்லை, வெறும் தண்ணீர். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே தெம்பு இறங்க ஆரம்பிக்கும். உங்கள் மகளுக்கு அது ஒரு கிலோகூட இல்லை. 46-க்கு வர 2 கிலோ 200 வற்ற வேண்டும். வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்புச் சூடும் இறங்காது. 1997-இல் அமெரிக்காவில் ஆறு வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், ரப்பர் சூட்டில் இப்படி எடை இறக்கும்போதே செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அந்த சூட்டுக்குத் தடை வந்தது. சேலத்து வெயிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நானும் செய்தவன்தான். ஒரு மாநிலப் போட்டிக்காக இரண்டு நாள் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் இருந்து எடை சரியாகக் காட்டினேன். முதல் ரவுண்டில் எதிராளியின் காலைப் பிடித்துவிட்டேன், நல்ல பிடி, ஆனால் தூக்க முடியவில்லை. விரல்கள் தானாகவே விட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கெண்டைக்காலில் ஏறிய பிடிப்பு அன்று ராத்திரி பஸ்ஸிலும் விடவில்லை.

அப்புறம் என்ன செய்வது? ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிடட்டும். காலையில் பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதுங்கள், தினமும் ஒரே மெஷினில். வீட்டு மெஷினுக்கும் போட்டி மெஷினுக்கும் இருநூறு கிராம் வித்தியாசம் இருக்கலாம், அதை நம்பி விளிம்பில் நிற்க வேண்டாம். 48.2 என்றால் 49-க்கு 800 கிராம் இடம் இருக்கிறது, அது போதும். முதல் நாள் எடை முடிந்ததும் இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், சாயங்காலம் 49.3 காட்டினாலும் பயப்படாதீர்கள், தூக்கத்திலேயே முந்நூறு நானூறு கிராம் இறங்கிவிடும். தட்டுவடை செட் மட்டும் போட்டி முடிகிற வரை வேண்டாம், அதில் இருக்கும் அதிக உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று நீங்களே கேளுங்கள், கோச்சிடம் சொல்லக் கூச்சப்படுவாள். தள்ளிப்போனால் எடைப் பேச்சையே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கோச்சிடம் ஒன்று நேராகக் கேளுங்கள்: 49-இல் வேறொரு பெண் இருப்பதால்தான் இறங்கச் சொல்கிறாரா? ஆசியப் போட்டியில் ஒரு எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான், அதனால் அவர் யோசிப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் 46-இல் தளர்ந்துபோய் நிற்பவளை எந்தத் தேர்விலும் எடுக்கப்போவதில்லை.

இன்னொன்று, முதல் ஆட்டத்தில் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. தோற்கடித்தவள் பைனலுக்குப் போனால் ரெப்பசாஜில் வெண்கலத்துக்கு ஆடலாம். 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் கால் இறுதியில் தோற்று, இந்த வழியாக வந்துதான் வெண்கலம் வாங்கினார், அதுவும் கடைசி ஆட்டத்தில் 0-5 என்று பின்தங்கி 8-5 என்று முடித்து. வற்றிப்போன உடம்புக்கு அந்தக் கடைசி நிமிடம் வராது.

ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், ரெயின்கோட்டைக் கழற்றிவிட்டு, விடிகாலையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடட்டும். ஏழு நாள் எடையை எழுதி அனுப்புங்கள். தினமும் 49-ஐத் தாண்டியே காட்டினால், அதற்கடுத்த 53 கிலோ பிரிவைப் பற்றிப் பேசுவோம்.