மாடித் தோட்டத்துக்குத் தேனீக்களை எப்படி வரவழைப்பது?

பூசணி, சுரை, பாகல் எல்லாம் மாடியில் நன்றாகப் பூக்கின்றன, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, தேனீயைக் கண்ணிலேயே காணோம், தேன்பெட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டி வேண்டாம். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு இப்படித்தான் உதிரும், அந்த வேலையைச் செய்வது பூவுக்கு வரும் பூச்சிகள். தேனீக்கள் பெரும்பாலும் உங்கள் தெருவிலேயே இருக்கும். சுவர் விரிசலிலும் மீட்டர் பெட்டியிலும் கூடு வைக்கும் கொசுத்தேனீ, வேலிச் செடியில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, பொந்துக்குள் வரிசையாக அடை வைக்கும் அடுக்குத்தேனீ என்று ஏதாவது ஒன்று. நாலு பூசணிப் பூவுக்காக அவை மாடி ஏறி வராது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் தேனீ என்று நினைக்காதீர்கள். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும், பாகலும் காலைப் பூதான், இந்த இரண்டுக்கும் தேனீ போதும். சுரையும் புடலையும் வெள்ளைப் பூக்கள், பொழுது சாயும் நேரத்தில் விரிபவை, அவற்றுக்கு இரவில் வரும் அந்துப்பூச்சிதான் முக்கியம். கொடிக்கு மேலே விடிய விடிய பளீரென்று எல்.ஈ.டி. விளக்கு எரிந்தால் அது பூவை விட்டுவிட்டு விளக்கையே சுற்றும், அணைத்துவிடுங்கள். கத்தரி, தக்காளி கதையே வேறு. அந்தப் பூவில் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால் மகரந்தம் நன்றாகக் கொட்டும். இதைத் தேன் தரும் தேனீக்களால் செய்ய முடியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீயும், காய்ந்த மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டும் செய்யும். அதனால் பந்தல் போட்ட பழைய மூங்கிலைத் தூக்கிப் போடாதீர்கள். கீழே கொஞ்சம் மண் தரை இருந்தால் சிமெண்ட் பூசாமல் விடுங்கள், தனியாக வாழும் தேனீக்களில் நிறைய மண்ணுக்குள்தான் முட்டையிடும்.

சரி, என்ன வளர்ப்பது? துளசியும் திருநீற்றுப்பச்சையும்தான் என் முதல் தேர்வு, கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள், கொசுத்தேனீ மொய்க்கும். டேபிள் ரோஸ் ஒரு தொட்டி காலை நேரத்துக்கு. கொத்தமல்லியைப் பாதியை அறுத்துக்கொண்டு மீதியைப் பூக்க விட்டால் குட்டித் தேனீக்களோடு, அந்தரத்தில் நின்று பறக்கும் மிதவை ஈக்களும் வரும், அந்த ஈயின் புழு, செடியின் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்பதால் எனக்கு அது மேல் தனிப் பிரியம். தொட்டியில் தானாக முளைக்கும் தும்பையையும் கிணற்றடிப்பூண்டையும் களை என்று பிடுங்காதீர்கள், வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அவை பிடிக்கும். அடுக்கு இதழ் செண்டுமல்லி பார்க்க அழகு, பூச்சிக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒரே செடியை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்காமல் கும்பலாக, காய்கறிக் கொடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கொடி பூக்கும் முன்பே இவை பூத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு மருந்து அடித்தால் வீண். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகளை வேரில் ஊற்றினாலும் செடிக்குள் ஏறி, மகரந்தத்திலும் தேனிலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதையும் அதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் ஊரில் அதை வீட்டுத் தோட்டத்துக்கே கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை. வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் பகலில் வேண்டாம், தேனீக்கள் திரும்பிப் போன பிறகு, பூவில் படாமல் இலைக்கு மட்டும் அடியுங்கள்.

அப்புறம் தண்ணீர். தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காத அளவுக்கு ஊற்றி வையுங்கள், கோடையில் இதற்காகவே வரும். சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் எறும்புதான் முதலில் வந்து சேரும்.

இதெல்லாம் கைகூடக் கொஞ்ச நாளாகும். அதுவரை மகரந்தம் சேர்க்கும் வேலையைக் கையாலேயே செய்துவிடுங்கள். மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். பூசணிக்கும் பாகலுக்கும் விடிந்ததும், சுரைக்கு மாலையில். கொடியில் முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூவாகவே இருக்கும், அவை உதிர்ந்தால் கவலை வேண்டாம்.