பவர் ஏஜென்ட் நமக்காகக் கோர்ட்டில் வாதாடலாமா?

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், ஊரில் இருக்கும் தம்பிக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து அவரைத் தன் பவர் ஏஜென்ட் ஆக்கிவிட்டால், தம்பியே வழக்கை நடத்திவிடலாமா என்பது கேள்வி. பாதி நடத்தலாம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 3, விதி 2-ன்படி பவர் ஏஜென்ட் வழக்குத் தாக்கல் செய்யலாம், வாய்தாவுக்கு ஆஜராகலாம், வக்காலத்தில் கையெழுத்திட்டு வழக்கறிஞரை அமர்த்தலாம். வாதாடுவது மட்டும் வேறு. 1961 வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 33 அதைப் பார் கவுன்சிலில் பதிந்த வழக்கறிஞர்களுக்கே ஒதுக்குகிறது. பிரிவு 32-ன்கீழ் மனுப் போட்டு, அந்த ஒரு வழக்குக்கு நீதிபதி அனுமதித்தால் பேசலாம், மறுத்தால் வழக்கறிஞர்தான். அனுமதியே இல்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்தால் பிரிவு 45-ன்படி ஆறு மாதம் வரை சிறை.

பலர் கோட்டைவிடுவது சாட்சியத்தில். தான் நேரில் செய்ததைத் தம்பி சொல்லலாம். அண்ணனுக்கு மட்டுமே தெரிந்ததை, உதாரணமாக அவர் கையால் கொடுத்த முன்பணத்தை, அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சொல்ல முடியாது. ஜானகி வஷ்தியோ போஜ்வானி வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். அண்ணன் சாட்சி சொல்லாவிட்டால் நல்ல வழக்கும் தோற்கலாம்.

உங்கள் சொந்த வழக்கில் நீங்களே வாதாட இந்தத் தடை இல்லை.