'கோடிங்கே வேண்டாம்' என்று 45,000 கேட்கிறார்களா?

கேள்வி: மகன் இன்ஸ்ட்ருமெண்டேஷன் மூன்றாம் வருடம் படிக்கிறான். 'டேட்டா ஃப்ளோதான் ஏஐ காலத்தின் புது மொழி, கோடிங் தெரிய வேண்டாம், லேப்வியூ கற்றால் வேலை நிச்சயம்' என்று ஒரு பயிற்சி மையம் 45,000 ரூபாய் கேட்கிறது. சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள்.

புது மொழியாம்! திரையில் ஒளிப்பேனாவால் பெட்டியும் கோடும் வரைந்தே புரோகிராம் எழுதலாம் என்று பெர்ட் சதர்லாண்ட் எம்ஐடியில் 1966-லேயே காட்டிவிட்டார். இப்படிப் பெட்டிகளை வயரால் இணைத்து, கருவிகளை அளக்கவும் இயக்கவும் புரோகிராம் எழுதும் மென்பொருளான லேப்வியூ 1986-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. உங்கள் மகனைவிட மூத்த சரக்கு.

டேட்டா ஃப்ளோ எளிய விஷயம்தான். எக்ஸெலில் ஒரு கட்டத்தில் விலை, அடுத்ததில் எண்ணிக்கை, மூன்றாவதில் பெருக்கல். விலையை மாற்றினால் தொகை தானாக மாறுகிறது. முதலில் இது, அப்புறம் அது என்று யாரும் வரிசை சொல்லவில்லை. வேண்டிய தரவெல்லாம் வந்து சேர்ந்தால் வேலை நடக்கும், இல்லையென்றால் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இதற்கென்று தனிக் கணினிகளே கட்டினார்கள். மான்செஸ்டரில் 1981-இல் ஒன்று ஓடியது. கான்பூர் ஐஐடியில் படித்த அர்விந்த் கலிபோர்னியாவில் ஐடி (Id) என்ற புரோகிராம் மொழியை உருவாக்கி, அப்புறம் எம்ஐடி போய் மான்சூன் என்ற இயந்திரம் வரை கொண்டுபோனார். ஆனால் அந்த இயந்திரங்களில் எந்தத் தரவு எதோடு சேர வேண்டும் என்று ஜோடி தேடுவதே பெரும் செலவு, சாதாரண சிப்போ வருடாவருடம் வேகமாகிக்கொண்டே போனது. இயந்திரங்கள் போய்விட்டன, யோசனை தங்கிவிட்டது. ஏஐ மாடல் உருவாக்க 2015-இல் வந்த கூகுளின் டென்சர்ஃப்ளோவிலும் இதே யோசனைதான். ஏஐ என்று அவர்கள் சொல்வதில் உண்மை இவ்வளவே.

'கோடிங் வேண்டாம்' என்பதுதான் பெரிய பொறி. லேப்வியூவில் வயர் இழுத்திருக்கும்வரை வரிசை தானாக அமையும். வயர் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறதே என்று வயர் இல்லாமலே மதிப்பை எழுதவும் படிக்கவும் விடும் லோக்கல் வேரியபிள் போட்டால் கதை கெட்டது. ஒரு மூலையில் வெப்பநிலையை எழுதுகிறது, இன்னொரு மூலையில் படிக்கிறது, நடுவில் வயர் இல்லை, எது முந்தும்? சொல்ல முடியாது. நேற்று சரியாக ஓடியது இன்று பழைய அளவைக் காட்டும், ஹீட்டர் அணையாமல் நிற்கும். லூப்பில், அதாவது ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தில், போன சுற்றின் மதிப்பு வேண்டுமென்றால் அதை அடுத்த சுற்றுக்குக் கடத்தும் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். லூப் புரியாதவனுக்கு அது எப்படிப் புரியும்? கோர்ஸைச் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

சொந்த உபயோகத்துக்கு லேப்வியூவின் கம்யூனிட்டி பதிப்பு 2020 முதல் இலவசம். கல்லூரி லேபிலேயே லைசென்ஸ் இருக்கலாம், இன்ஸ்பெக்ஷன் அன்றுதான் பூட்டைத் திறப்பார்கள்! ஃபீஸ் கட்டுவது நீங்கள்தானே, போய்க் கேளுங்கள். மையம் அச்சடித்துத் தரும் சான்றிதழ் வேறு, லேப்வியூ தயாரிக்கும் நிறுவனம் நடத்தும் கிளாட் (CLAD) என்ற தொடக்கநிலைத் தேர்வு வேறு. சேரச் சொல்லும் சீனியர் யாராவது இருந்தால் அவருக்குத் தலைக்கு எவ்வளவு கமிஷன் என்றும் விசாரியுங்கள்.

அதன் பிறகும் சேர்ப்பதென்றால், முன்பணம் கொடுக்கும் முன் சென்சர் அளவைக் கணினிக்குள் கொண்டுவரும் ஒரு டாக் (DAQ) கார்டில், வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை மாட்டி, வெந்நீரில் வைத்து, திரையில் அளவு ஏறுவதைக் காட்டச் சொல்லுங்கள். 'எங்களிடம் சிமுலேஷன் மட்டும்தான் சார்' என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.