அவார்டுக்கு ஸ்டே வாங்கினால் சம்பளமும் நின்றுவிடுமா?

தொழிலாளர் சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னை டிஸ்மிஸ் செய்தது செல்லாது என்று லேபர் கோர்ட் சொல்லிவிட்டது. மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, 50 சதவீதம் பின்சம்பளம் (வேலையில் இல்லாத காலத்துக்கான சம்பளம்) என்று அவார்டு, அதாவது தீர்ப்பு. ஆனால் கேட்டிலேயே நிறுத்துகிறார்கள். "ஐகோர்ட்டில் அப்பீல் போட்டாச்சு, அது முடியட்டும்" என்கிறார் எச்.ஆர். மேனேஜர். முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். லேபர் கோர்ட் அவார்டுக்கு அப்பீல் என்ற ஒன்றே 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் கிடையாது. (2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய சட்டத்தொகுப்பு வந்துவிட்டது; கீழே வரும் 17பி, 29, 33சி பிரிவுகள் பழைய சட்டத்தின் எண்கள்.) நிர்வாகம் போயிருப்பது அரசியல் சட்டத்தின் 226 அல்லது 227-வது பிரிவின் கீழ் ரிட் மனுவுக்கு. அதைத் தாக்கல் செய்த மாத்திரத்தில் அவார்டு நின்றுவிடாது. தடை (ஸ்டே) கேட்டுத் தனியாக ஒரு இடைக்கால மனு போட்டு, நீதிபதி உத்தரவு போட்டால்தான் நிற்கும்.

ஆகவே மேனேஜரிடம் கேட்க வேண்டியது இரண்டே: ரிட் மனுவின் எண் என்ன, தடை உத்தரவின் தேதி என்ன? கையில் இருப்பது தாக்கலின்போது தரும் வெறும் எஸ்.ஆர். நம்பர் என்றால் மனு இன்னும் முறையாக எண்ணிடப்படவே இல்லை என்று பொருள். எண் கிடைத்தால் ஐகோர்ட் இணையதளத்தில் வழக்கு நிலையையும் உத்தரவுகளையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

1947 சட்டப்படி, அவார்டு அரசால் வெளியிடப்பட்டு 30 நாள் கழிந்ததும் அமலுக்கு வரும். அன்றே, வேலைக்கு வரத் தயார் என்று எழுதி, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். கேட்டில் போய் நின்றதற்கு யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். தபால் ரசீது சொல்லும். தடை இல்லாத நிலையில் பணத்தை வசூலிக்க 33சி(1)-ன் கீழ் அரசுக்கு மனு கொடுக்கலாம். அரசு தரும் சான்றிதழின் பேரில் மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கி போலவே வசூலிப்பார். இதற்கு ஒரு வருடக் கெடு உண்டு. தொகையே கணக்கிடப்படவில்லை என்றால் முதலில் 33சி(2)-ல் லேபர் கோர்ட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுவிட்டு வர வேண்டும். அவார்டை மீறுவது 1947 சட்டத்தின் 29-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

வசூல் நோட்டீஸ் போன மறுவாரமே நிர்வாகம் தடைக்கு ஓடும். அதனால் அவார்டு நகல் கையில் கிடைத்த உடனே ஐகோர்ட்டில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்ற முன்மனு) போட்டு வையுங்கள். 90 நாளைக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் தடை வருவதைத் தவிர்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

கேள்வி: "எட்டு வாரத்தில் பாதித் தொகை டெபாசிட்" என்ற நிபந்தனையோடு தடை கொடுத்தார்கள். பதினோரு வாரம் ஆகிவிட்டது, பணம் கட்டவில்லை. தடை இருக்கிறதா, போய்விட்டதா? – வாசகர், ஓசூர்

பதில்: உத்தரவின் கடைசி வரிகளைப் படியுங்கள். "கட்டத் தவறினால் தடை தானாகவே நீங்கும்" என்று இருந்தால் கெடு முடிந்த மறுநாளே போய்விட்டது. அந்த வரி இல்லாவிட்டால் தடையை நீக்கக் கோரி மனு போட்டுவிடுவது நல்லது. அதற்கு முன் லேபர் கோர்ட் அலுவலகத்தில் உங்கள் ஐ.டி. எண்ணில் (தொழில் தகராறு வழக்கு எண்) பணம் ஏதும் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டியும் உங்களுக்குத் தகவல் சொல்லாத நிர்வாகங்கள் உண்டு. பணம் வந்திருந்தால் அதை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடவும், வட்டியையோ ஒரு பகுதியையோ எடுத்துக்கொள்ளவும் அனுமதி கேட்கலாம்.

கேள்வி: வழக்கு முடியும்வரை தொழில் தகராறுகள் சட்டத்தின் 17பி பிரிவில் மாதாமாதம் சம்பளம் வாங்கலாம் என்கிறார்கள். தடை வந்தபிறகும் கிடைக்குமா? நான் இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். அதைச் சொன்னால் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். – வாசகர், கோவை

பதில்: வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். 1984 ஆகஸ்ட் 21-ல் அமலுக்கு வந்த இந்தப் பிரிவு சொல்வது இது: மீண்டும் வேலை கொடு என்று அவார்டு வந்து, அதை எதிர்த்து முதலாளி ஐகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போனால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும் தொழிலாளி கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். தடை இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. தடை வந்தாலும் 17பி நிற்காது. தடை வராவிட்டாலும் வழக்கு நடக்கும்வரை உண்டு. பின்சம்பளத்துக்காகக் கட்டிய டெபாசிட்டும் இதுவும் வேறு வேறு. "டெபாசிட்தான் கட்டிவிட்டோமே" என்ற வாதம் எடுபடாது. அவார்டு மீண்டும் வேலை தராமல் வெறும் நஷ்டஈடு மட்டும் கொடுத்திருந்தால் 17பி பொருந்தாது.

தானாக வராது, கேட்க வேண்டும். அதே ரிட் மனுவில் ஒரு இடைக்கால மனுவும், எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று உங்கள் பிரமாணப் பத்திரமும் போட வேண்டும். அதில் கடைசிச் சம்பளம், நீக்கப்பட்ட தேதி, இப்போது எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்பது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கட்டும். கடைசிச் சம்பளச் சீட்டையும் பி.எஃப். பாஸ்புக்கையும் இணையுங்கள்.

ஆட்டோவை மறைக்காதீர்கள். "வருமானமே இல்லை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்த பத்திரங்கள்தான் பின்னால் வழக்கைக் கவிழ்க்கின்றன. சட்டம் தடுப்பது ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துப் போதுமான ஊதியம் பெறுவதை. வாடகை போக மிஞ்சுவதில் வயிற்றைக் கழுவுவது அதற்குள் அடங்காது என்று வாதிட இடமிருக்கிறது. வேறு வேலையில் போதிய ஊதியம் பெறுவதாக நிர்வாகம் சொன்னால் அதை நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். அவர்கள் முதலில் தேடுவது யூ.ஏ.என். எண்ணில் (உங்கள் பி.எஃப். எண்) புதிய சந்தா ஏதாவது விழுந்திருக்கிறதா என்றுதான். இடையில் ஆறு மாதம் ஒரு மில்லில் வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீங்களே கழித்துக் கேளுங்கள். மீதிக் காலத்துக்கான உரிமை அப்படியே இருக்கும்.

தொகையில் ஏமாற்றம் இருக்கும். நீக்கப்பட்டபோது 9,400 ரூபாய் வாங்கி, இன்று அதே இடத்தில் இருப்பவர் 21,000 வாங்கினாலும், 17பி-யில் கிடைப்பது 9,400-தான். டேனா பேங்க் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கிவிட்டது. அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் அதிகாரத்தில் ஐகோர்ட் கூடுதலாகவும் தரலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் பழைய சம்பளம் இன்றைய குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இருந்தால் அதைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள். இன்னொரு நிம்மதி: கடைசியில் அவார்டு ரத்தானாலும், 17பி-யில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

வழக்கு நடக்கும்போதே "வந்து வேலை பார், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது" என்று நிர்வாகம் அழைத்தால் போய்ச் சேருங்கள். காரணமின்றி மறுத்தால் 17பி-யையும் இழக்க நேரிடும்.

1947 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 17பி-யின் ஏற்பாடு அதில் 56-வது பிரிவிலும், வசூல் 59-வது பிரிவிலும் இருக்கின்றன. அவார்டு அமலுக்கு வரும் 30 நாள், அதில் தரப்பினருக்குத் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகிறது.

கேள்வி: சிறிய ஜவுளி நிறுவனம் நடத்துகிறேன். ஒருவருக்கு மீண்டும் வேலையும் பின்சம்பளமும் என்று அவார்டு வந்திருக்கிறது. தடை வாங்க என்ன செய்ய வேண்டும்? – வாசகர், கரூர்

பதில்: உங்கள் மாவட்டத்துக்கு ஐகோர்ட்டின் மதுரைக் கிளை. "சாட்சியத்தைச் சரியாகப் பார்க்கவில்லை" என்று பத்துப் பக்கம் எழுதுவதால் பயனில்லை. ரிட் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. சாட்சியமே இல்லாமல் முடிவு எடுக்கப்பட்டதா, அதிகார வரம்பு மீறப்பட்டதா, முக்கிய ஆவணம் பரிசீலிக்கப்படவே இல்லையா என்பதில் நில்லுங்கள். எவ்வளவு டெபாசிட் கட்ட முடியும் என்பதை நீங்களே முதலில் முன்வைத்தால் நல்லது. கட்ட முடியாமல் போனால் கெடு முடியும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்தபின் கேட்பவருக்கு முகம் கிடைப்பது கஷ்டம்.

அவார்டு எக்ஸ்பார்ட்டியாக (நீங்கள் ஆஜராகாமல் ஒருதலையாக) வந்திருந்தால் ஐகோர்ட்டுக்குப் போகாமல் அதே லேபர் கோர்ட்டில் ரத்து மனு போடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டாலும் அதை விசாரிக்கும் அதிகாரம் லேபர் கோர்ட்டுக்கு உண்டு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் வேண்டும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். கடைசிச் சம்பளம் 12,000 என்றால், நான்கு வருடம் வழக்கு ஓடினால் 17பி மட்டும் 5,76,000 ரூபாய். வேலை எதுவும் வாங்காமல் கொடுக்கும் பணம், ஜெயித்தாலும் திரும்பாது. நம்பிக்கை மோசடி போன்ற வழக்கு இல்லையென்றால், வழக்கின் முடிவுக்கு உட்பட்டு ஆளை உள்ளே எடுத்துக்கொள்வதே எங்கள் கணக்கில் லாபம்.

கேள்வி: ஆறு மாதம் ஆனால் ஸ்டே தானாகப் போய்விடும் என்கிறார்களே? – வாசகர், சேலம்

பதில்: அது சுப்ரீம் கோர்ட்டின் வேறொரு 2018 தீர்ப்பின் பேச்சு. 2024 பிப்ரவரி 29-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. தடையை நீக்க நீங்கள்தான் மனு போட வேண்டும்.

கேள்வி: கிராஜுவிட்டி உத்தரவுக்கும் இதே கதைதானா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. அங்கே உண்மையிலேயே அப்பீல் உண்டு. 60 நாள், தக்க காரணமிருந்தால் மேலும் 60. முதலாளி அப்பீல் போட, உத்தரவான கிராஜுவிட்டித் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். கட்டியதற்குச் சான்றிதழ் இல்லையென்றால் அப்பீலையே ஏற்க மாட்டார்கள்.