சேர்த்துக் கொடுத்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம். எனக்கு 41 வயது. மனச்சோர்வுக்கு எசிடலோபிராம் 20 மில்லிகிராம் சாப்பிட்டும் பாதிதான் தெளிந்தது. அப்புறம் அரிபிப்ரசோல் 5 மில்லிகிராம் சேர்த்தார்கள். மூன்று மாதமாக நன்றாக இருக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. “இன்னும் எதுக்கு மாத்திரை?” என்கிறார் மாமியார். சேர்த்ததை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம் அம்மா, ஆனால் நீங்களாக வேண்டாம். இரண்டில் முதலில் குறைப்பது பெரும்பாலும் பின்னால் சேர்த்த மாத்திரையைத்தான். எசிடலோபிராம் அதே அளவில் தொடரட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் குறைத்தால், தொந்தரவு வரும்போது எதனால் வந்தது என்றே தெரியாது.

எத்தனை மாதம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. சேர்க்கை மருந்தை எப்போது நிறுத்துவது என்று பார்த்த ஆய்வுகள் குறைவு. தூக்கம், பசி, வேலையில் ஈடுபாடு மூன்றும் முழுதாகத் திரும்பிய நாளிலிருந்து சுமார் 6 மாதம் என்பது நான் பின்பற்றும் கணக்கு. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். எசிடலோபிராம், முழுதாகத் தெளிந்த நாளிலிருந்து 6 முதல் 9 மாதமாவது வேண்டும். முன்பே இரண்டு மூன்று முறை சோர்வு வந்திருந்தால் 2 வருடம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த உட்கார முடியாத வரிதான். களி கிண்டி முடிக்கும்வரை ஒரே இடத்தில் நிற்க முடிகிறதா? பஸ்ஸில் கால் மாற்றி மாற்றி ஆடுகிறதா? அப்படியென்றால் அது அரிபிப்ரசோல் தரும் கால் பரபரப்பாக இருக்கலாம். பலர் இதைப் பதற்றம் என்று நினைத்து, மாத்திரை போதவில்லை என்று டாக்டரிடம் சொல்கிறார்கள். அளவு கூடுகிறது, பரபரப்பும் கூடுகிறது. உங்களுக்கு 6 மாதக் கணக்கெல்லாம் வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்தாலே அடங்கிவிடலாம்.

குறைக்கும்போது பொறுமை வேண்டும். இந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். இன்று பாதியாக்கினால் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உண்மை நிலை தெரியும். ஒவ்வொரு படிக்கும் நடுவே ஒரு மாதம் விடுவது நல்லது. பரபரப்பு தாங்கும் அளவில் இருந்தால், மாங்காய் சீசனில் முழுதாக நிறுத்தாதீர்கள். ராத்தூக்கம் கெடும் மாதங்கள் அவை.

சேர்த்தது லித்தியமாக இருப்பவர்களுக்கு வேறு பேச்சு. அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. வாரக்கணக்கில், முடிந்தால் 3 மாதம்வரை எடுத்துக் குறைக்க வேண்டும். வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். சேர்த்த மாத்திரை குவெட்டியாபின் என்றால் எடையும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உயிர் வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்; பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த முறை மாமியாரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சோர்வு திரும்பி, விடியற்காலை மூன்று மணிக்கு நீங்கள் எழுந்து உட்கார்ந்திருந்தால், முதலில் கண்ணில் படப்போவது அவருக்குத்தான்.